தையல் போடாத ஆபரேஷன்

"இவருக்கு உள்ள ஒரு வயர் இருக்குதேம்மா, எப்ப வச்சது?" என்று எக்ஸ்ரே எடுக்கும் பெண் கதவைப் பாதி திறந்து கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்குமே முதலில் வருவது கோபம்தான். பயம், அழுகை எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். காலையிலிருந்து திண்டிவனத்தில் அந்த ஸ்கேன் சென்டர் வாசலில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என் வீட்டுக்காரர். மூன்று நாளாகக் குளிர் ஜுரம், சிறுநீர் செம்மண் கரைத்த மாதிரி போகிறது. இந்தப் பெண் என்னவென்றால் வயரைப் பற்றிக் கேட்கிறாள்.

"வயரா? அவரு கொத்தனாரும்மா. எலக்ட்ரீஷியன் இல்ல," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இடது பக்கம், இடுப்புக்கு மேலேந்து கீழ வரைக்கும் போவுது. ரெண்டு முனையும் சுருண்டுக்கினு இருக்குது."

"அது அரைஞாண் கொடியா இருக்கும். கழட்டுங்கன்னு சொன்னா கேட்டாத்தானே? இன்னொரு வாட்டி எடுங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை தானாகக் கைப்பைக்குள் போயிற்று. வெள்ளி அரைஞாண் பர்ஸுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவரே அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அப்படியென்றால் அந்த வயர் அவர் உடம்புக்கு வெளியே இல்லை.

ஃபிலிமை வாங்கிக்கொண்டு, எங்களை அங்கே அனுப்பிய டாக்டரம்மாவிடம் போனோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பிறகு பேனா முனையால் காட்டினார். ஒரு வெள்ளைக் கோடு. மேல் முனை சிறுநீரகத்துக்குள், கீழ் முனை சிறுநீர்ப்பைக்குள். இரண்டு முனையிலும் வெள்ளையாக, கெட்டியாக என்னவோ மொத்தையாக ஒட்டியிருந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஹீட்டர் கம்பியைப் போட்டு வைத்தால் ஒரே மாதத்தில் உப்பு ஏறிக் கம்பியே தெரியாமல் போகுமே, அப்படி இருந்தது.

"முன்னாடி கல்லு எடுத்தீங்களா?"

"நாலு வருஷம் ஆச்சுங்க. விழுப்புரத்துல, பிரைவேட்ல," என்றேன்.

"அப்ப வச்ச ஸ்டென்ட் இது. கல்லு எடுத்த இடம் வீங்கி அடைச்சிக்கக் கூடாதுன்னு தற்காலிகமா வைக்கிறது. ஆறு வாரத்துல எடுக்கணும். நாலு வருஷமா உள்ளேயே விட்டுட்டீங்க. அது மேல திரும்பவும் கல்லு கட்டிக்கினு, கிட்னியில சீழ் புடிச்சிருக்குது." அவர் என்னைப் பார்த்தார். "எடுக்கச் சொல்லி எழுதியிருப்பாங்களே. ஃபைல் எங்கம்மா?"

ஃபைல்.

நான் அங்கன்வாடி டீச்சர். பெருமுக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு எடை போட்டு, உயரம் அளந்து, முட்டை கொடுத்து ஒன்பது ரிஜிஸ்டர் எழுதுகிறேன். தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிட்டு வரும் தாய்மார்களை நான் திட்டும் திட்டு தெரு முனை வரை கேட்கும். "புள்ளையோட உயிரு இந்த அட்டையில இருக்குது, இத்தப் போய் கரப்பான் தின்ன வுட்டியா?" என்று கேட்டு ஒருத்தியை அழவே வைத்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவள் முகம்தான் ஞாபகம் வந்தது.

"பஸ்ல தொலைஞ்சி போச்சி டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்தபடி.

பொய். என்னைக் காப்பாற்றச் சொல்லும் பொய் என்று நினைத்தேன்.

"இல்லைங்க டாக்டர். போகியில போட்டு எரிச்சிட்டேன். நான்தான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "டிஸ்சார்ஜ் ஃபைல எரிச்சிட்டீங்களா? எதுக்கும்மா?"

எதுக்கு என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது?

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர்கள், அங்கே உடுத்தியிருந்த துணியையும் அங்கே கொடுத்த காகிதத்தையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்திருந்தால் நோவு வழி தெரிந்துகொண்டு திரும்பவும் வீட்டுக்கு வந்துவிடுமாம். அதனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் போகி அன்றைக்குக் கொளுத்திவிடுவார்கள். என் நாத்தனார் இதில் ரொம்பக் கண்டிப்பு. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று தாய்மார் கூட்டத்தில் பேசுகிறவள்தான் நான். ஆனால் புருஷன் வலியில் தரையில் உருண்டதைப் பார்த்த பிறகு, கூட்டத்தில் பேசியது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த உருளல் அப்படிப்பட்டது. வானூர் பக்கம் ஒரு வீட்டுக்கு வெளிப்பூச்சு வேலை. நாள் முழுக்க வெயிலில் சாரத்தின் மேல் நிற்கும் வேலை. தண்ணீர் குடித்தால் அடிக்கடி கீழே இறங்க வேண்டும், இறங்கினால் வேலை கெடும் என்று பகலெல்லாம் குடிக்க மாட்டார். வருஷக்கணக்காக அப்படி. ஒரு நாள் மத்தியானம் இடது விலாவில் வலி என்று சாரத்திலிருந்து இறங்கியவர், இறங்கின இடத்திலேயே சுருண்டு படுத்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இறக்கி விட்டதும் தரையில் உருண்டார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சிறுநீர்க் குழாயில் கல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

விழுப்புரத்தில் ஆபரேஷன். அறுக்கவில்லை. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயை விட்டு, லேசரால் கல்லைப் பொடியாக்கி எடுத்துவிட்டார்கள். வயிற்றில், முதுகில், எங்கேயும் ஒரு கீறல் இல்லை. நான் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஆபரேஷன் பண்ணாங்களா, சும்மா படுக்க வச்சி அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

எங்களுக்குத் தெரிந்த ஆபரேஷன் என்றால் தையல் இருக்கும். தையல் இருந்தால் பிரிக்கப் போக வேண்டும். என் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும், என் தம்பியின் குடல்வால் ஆபரேஷனுக்கும் அப்படித்தான் போனோம். தையல் பிரித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் நமக்கும் பேச்சு முடிந்தது. இவருக்குத் தையலே இல்லை. பிறகு எதற்குத் திரும்பிப் போவது? வெளியே ஒன்றும் இல்லாத உடம்புக்கு உள்ளே ஒரு சாமான் விட்டு வைத்திருப்பார்கள் என்று என் புத்திக்குச் சத்தியமாகத் தோன்றவே இல்லை. நான் மருந்துக் கடையில் வரிசையில் நின்றபோது டாக்டர் வந்து அவரிடம் பேசிவிட்டுப் போனார். "இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். "தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாரு," என்றார். ஃபைலில் இருந்தது டாக்டர்கள் இங்கிலீஷ். நான் முதல் பக்கத்தில் அவர் பேர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் போகி வந்தது. வாசலில் குப்பையைக் குவித்து வைத்தேன். கிழிந்த பாய், அவர் ஆஸ்பத்திரியில் போட்டிருந்த சட்டை, லுங்கி, மருந்துச் சீட்டுகள். விடியற்காலையில் நான்தான் கொளுத்தினேன். நெருப்பு பிடித்த பிறகு அந்த வெள்ளை ஃபைல் ஓரம் கருகிச் சுருண்டதைக் கண்ணால் பார்த்தேன். அள்ளும்போது அதுவும் சேர்ந்து வந்திருக்கும் போல என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "சனியன் ஒழிஞ்சது," என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இத்தனையையும் டாக்டரம்மாவிடம் சொல்ல முடியுமா? தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, "ஜல்தியா போங்க. கிட்னிய காப்பாத்த முடியுமான்னு அங்க பாத்துதான் சொல்லுவாங்க. உயிர முதல்ல பாக்கணும்," என்றார்.

ஆம்புலன்ஸில் அவர் படுத்திருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாலு வருஷத்தை நினைத்துப் பார்த்தேன். ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் இடது பக்கம் சுருக்கென்று வலிக்கிறது என்பார். "ஒடம்பு சூடு," என்று சொல்லி வெந்தயத்தை ஊற வைத்துக் கொடுத்தேன். எரிகிறது என்றால் நெருஞ்சில் முள் கஷாயம். வேலை நடுவில் பத்து தரம் ஒதுங்குகிறார் என்று மேஸ்திரி கேலி செய்ததாகச் சொன்னபோது வாழைத்தண்டுச் சாறு. ஜுரம் வந்தால் மருந்துக் கடையில் சொல்லி நாலு மாத்திரை. ஒரு தரம்கூட ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் கேட்டதில்லை. நான் கூப்பிட்டால், "எதுக்குடி பேஜாரு, சூடுதான்," என்று தட்டிக் கழித்துவிடுவார். சூட்டுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தெல்லாம் நான் ஒரு வயருக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

முண்டியம்பாக்கத்தில் அன்று சாயங்காலமே முதுகில் துளை போட்டு, சிறுநீரகத்துக்குள் ஒரு குழாய் விட்டார்கள். அதன் வழியாகச் சிறுநீர் ஒரு பையில் இறங்கியது. முதலில் வந்தது சிறுநீரே இல்லை. மோர் மாதிரி வெள்ளையாக, நாற்றத்தோடு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தச் சீழை உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுஷன் போன வாரம் வரைக்கும் சாரம் ஏறி வேலை செய்தார்?

அங்கே இருந்த டாக்டர் அளந்து பேசுகிறவர். "சீழ் வடியட்டும், ஜுரம் அடங்கட்டும். அப்புறம்தான் கல்ல ஒடச்சி ஸ்டென்ட்ட எடுக்க முடியும். இப்ப இழுத்தா குழாய் கிழிஞ்சிடும். இடது கிட்னி எந்த அளவுக்குத் தேறும்னு இப்ப சொல்ல மாட்டேன். ஆபரேஷன் முடிஞ்சி ஸ்கேன் பாத்தாதான் தெரியும்," என்றார்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் வார்டில் கிடந்தேன். இடது கிட்னி தேற வேண்டும். தேறாவிட்டால் அது நான் வைத்த நெருப்பு. பக்கத்துக் கட்டில்காரர்கள் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "நான்தாங்க ஃபைல எரிச்சிட்டேன்," என்று சொன்னேன். விழுப்புரத்தில் காலேஜ் படிக்கும் மகள் சாயங்காலங்களில் வருவாள். "அம்மா, எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத," என்று என் வாயைப் பொத்துவாள். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவரைத் திட்டாமல் நான் ஒரு வாரம் இருந்தது அப்போதுதான். கஞ்சியை ஆற்றி ஊட்டினேன். பையில் சிறுநீர் எவ்வளவு என்று அளந்து நோட்டில் எழுதினேன். சோற்றைப் பாதியில் வைத்தால் ஒன்றும் சொல்லவில்லை. பாத்ரூம் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். "வலிக்குதுங்களா? முதுகுல துணி மடிச்சி வைக்கட்டுங்களா?" என்று குழைந்து குழைந்து கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். குற்றம் செய்தவளை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, மத்தியானம், கஞ்சி டம்ளரை நீட்டினேன். வாங்காமல், "திட்டுடி," என்றார்.

"இன்னாங்க?"

"எதுனா திட்டு. நீ இப்படி இருந்தா எனுக்கு கஞ்சி எறங்கல."

"நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு திட்டுறது? நான் செஞ்ச வேலைக்கு..."

"நீ செய்யல." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "குப்பைய கொளுத்தினதுதான் நீ. ஃபைல அதுல கொண்டாந்து வச்சது நானு. நீ பாத்துடக் கூடாதுன்னு பாய்க்கு அடியில சொருகி வச்சேன்."

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"டாக்டர் சொன்னாரு. உள்ள டியூப் வச்சிருக்குது, ஆறு வாரம் கழிச்சி வந்து எடுத்துக்கணும்னு. படம் போட்டுக் காமிச்சாரு. எனுக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

டம்ளர் என் கையில்தான் இருந்தது. கஞ்சி கையில் வழிந்து சுடுகிறது என்பது பிறகுதான் உறைத்தது. தெரியும் என்கிறார். நாலு வருஷமாக, வெந்தயத் தண்ணீரையும் வாழைத்தண்டுச் சாற்றையும் என் கையால் வாங்கிக் குடித்துக்கொண்டு, தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். விழுப்புரத்தில் ஆபரேஷன் முடிந்த மறுநாள் சிறுநீருக்குப் போட்டிருந்த டியூபைக் கழற்ற ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள். நம்ம மகள் வயசு என்றார். போர்வையை விலக்கச் சொல்லி, காலை அகட்டச் சொல்லி, "வெக்கப்படாதீங்க அங்கிள்," என்றாளாம். அந்த 'அங்கிள்' அவரைக் கொன்றுவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு ஆள் வேறு, "இது ஒண்ணுமே இல்ல, ஆறு வாரம் கழிச்சி வரச் சொல்வான் பாருங்க, மயக்க மருந்துகூட குடுக்க மாட்டான், அதே வழியா கம்பிய வுட்டு இழுப்பான், உசுரு போயிட்டு வரும், சுத்தி நாலு பொம்பளப் புள்ளைங்க நிப்பாங்க," என்று ஏற்றிவிட்டிருக்கிறான். வீட்டில் ஃபைல் இருந்தால் நான் என்றாவது படிக்கச் சொல்லி யாரிடமாவது கொடுத்துவிடுவேன், தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று பயம். போகி வந்தது, வசதியாகப் போயிற்று.

"ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்டி. ஹார்ட்டுல ஸ்டென்ட் வைக்கிறாங்க, காலம் பூரா வச்சிக்கினு இருக்கறாங்களே."

நான் டம்ளரைத் தரையில் வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். எழுந்து வராந்தாவுக்குப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். முகத்தைக் கழுவினேன். குழாயை மூட மறந்துவிட்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் கையை நீட்டிக் குழாயை மூடினாள். அப்போதுதான் கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது கடைசியில் வந்தது.

திரும்பிப் போய்க் கத்தினேன். வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். "யோவ், வெக்கமாய்யா ஒனக்கு? நம்ம பொண்ண பெத்தப்ப நான் காலை விரிச்சிக்கினு கெடந்தேனே, டாக்டர், நர்ஸு, ஆயா, படிக்க வந்த புள்ளைங்க, அத்தினி பேரும் எட்டி எட்டிப் பாத்தாங்களே, ஒனக்கு வெக்கமா இருக்குதான்னு என்ன எவனாவது கேட்டானா? நீ கேட்டியா? வெளிய பெஞ்சுல உக்காந்துக்கினு டீ குடிச்சியே! காப்பர் டி வச்சாங்க, எடுத்தாங்க, ஆபரேஷன் பண்ணாங்க, நான் போவல? எங்களுக்கெல்லாம் மானம் இல்லியா? ஒரு வாரமா ஊரு முழுக்க நான்தான் எரிச்சேன் நான்தான் எரிச்சேன்னு சொல்லிக்கினு கெடக்குறேன், கம்முனு கேட்டுக்கினு கஞ்சி குடிச்சியே பாவி!"

நர்ஸ் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். கட்டில்களில் இருந்த ஆண்கள் எல்லாரும் எங்கெங்கோ பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் நேராகப் பார்த்தார். "கிட்னி போயிடுமாடி?" என்று கேட்டார். அழுதார். எனக்கு அவர் கன்னத்தில் நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, அவரைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

ஜுரம் அடங்கிய பிறகு இரண்டு தடவையாக ஆபரேஷன் செய்தார்கள். முதல் தடவை, சிறுநீர் வழியாகக் குழாய் விட்டு, சிறுநீர்ப்பைக்குள் இருந்த கீழ்முனைக் கல்லை உடைத்தார்கள். இரண்டாவது தடவை, முதுகுத் துளை வழியாகச் சிறுநீரகத்துக்குள் போய் மேல்முனைக் கல்லை உடைத்தார்கள். அந்த வயர் நாலு வருஷத்தில் மக்கி, இழுக்கும்போதே இரண்டு துண்டாக ஒடிந்தது என்றார்கள். வெளியே எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். மஞ்சள் பூத்துச் சொரசொரவென்று இருந்தது. இதுவா அவருக்குள் இருந்தது என்று உடம்பெல்லாம் கூசியது. மகள் அதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"வேற ஸ்டென்ட் வச்சிருக்கோம்," என்றார் டாக்டர். "நாலு வாரம். எடுக்கிற தேதி இதுல இருக்குது." காகிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தார். நான் அதை அங்கேயே நின்று போட்டோ எடுத்து மகளுக்கும், நாத்தனாருக்கும், என் தம்பிக்கும், எங்கள் அங்கன்வாடி குரூப்புக்கும் அனுப்பினேன். இருநூறு பேருக்கு என் புருஷனுக்குள் வயர் இருப்பது தெரிந்தது. அவருக்கு மானம் போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாலு வாரம் கழித்துப் போனோம். முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினோம். ஊசி போட்டுக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் ஸ்கேனை வெளியே எடுத்து ரிப்போர்ட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். இந்தத் தடவையும் அவர் அளந்துதான் பேசினார்.

"வலது கிட்னி நல்லா இருக்குது. இடதுல வேலை இல்ல. திரும்பி வரும்னு நான் எதிர்பாக்கல. தொந்தரவு பண்ணாத வரைக்கும் உள்ளேயே இருக்கட்டும், பண்ணா எடுத்துடலாம். இனிமே வலது ஒண்ணுதான் உங்களுக்கு. அத பத்திரமா பாத்துக்கணும்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார், மேஸ்திரி அளவு சொல்லும்போது ஆட்டுவாரே, அப்படி. "ஆறு வாரத்துலயே எடுத்திருந்தா?" என்று கேட்டார் பிறகு.

"எடுத்திருந்தா இன்னிக்கு நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க."

அடுத்து ஸ்டென்ட் எடுக்கும் அறை. வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது. "நீயும் உள்ள வா," என்றார். "விட மாட்டாங்க, போங்க," என்றேன். விழுப்புரத்துப் பக்கத்துக் கட்டில் ஆள் சொன்னதாக இவர் சொன்னதெல்லாம் என் மனதிலும் இருந்ததே. கத்துவார், ஓடி வருவார், நான் பிடித்துத் திரும்ப உள்ளே தள்ள வேண்டியிருக்கும் என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். கதவு மூடியது. வெளியே வந்தால் குடிக்கக் கொடுக்கலாம் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வராந்தா முனைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், மனுஷன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். லுங்கியைக் கட்டிக்கொண்டு, பேயறைந்த மாதிரி.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஓடியாந்துட்டியா? யோவ், இத்தினி நடந்தும் ஓடியாந்துட்டியா?"

"இல்லடி."

"பின்ன? உள்ள போ! நட!"

"எடுத்துட்டாங்க."

"எப்ப?"

"இப்பதான்."

அவர் பின்னால் அந்தக் கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதும்மா. நெறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க. ரெண்டு நாளு லேசா எரியும்," என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் பிடித்திருந்தேன். அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "மரத்துப்போற ஜெல்லி மாதிரி என்னமோ வுட்டாங்க. ஒரு ஆம்பள டாக்டருதான் இருந்தாரு. எங்க வேலைன்னு கேட்டாரு. வானூருன்னு சொன்னேன். சொல்லி முடிக்கல, முடிஞ்சிதுன்னு எழுந்துக்கச் சொல்லிட்டாரு." அவர் இடது கை விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. "வலிக்கவே இல்லடி. அவ்ளோதான். அவ்ளோதான்டி."

பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"இதுக்காடி?" என்று கேட்டார்.

"இதுக்குத்தாங்க," என்றேன்.